நுன்சியா பார்க்காத ஆட்டங்கள்

பந்து வலைக்குள் விழுவதற்கு முன்னால் "கோல்" என்று சொல்வது நேப்பிள்ஸில் கெட்ட வார்த்தை பேசுவதை விட மோசம். கெட்ட வார்த்தை பேசினால் பாதிரியாரிடம் போய்ச் சொல்லி மன்னிப்பு வாங்கிக்கொள்ளலாம். முந்திக்கொண்டு கோல் என்று சொன்னவரை மன்னிக்க அந்த ஊரில் ஆள் கிடையாது. நுன்சியாவுக்கு இது தெரியாதா? பிறந்து வளர்ந்து வாழ்க்கைப்பட்டது எல்லாமே அதே சந்தில்தான். தொட்டிலில் கிடக்கும்போதே ஊர் அணியின் நீலத் துணிதான் போர்த்தினார்கள். ஆனாலும் அந்த செப்டம்பர் மாத வியாழக்கிழமை சாயங்காலம் அவள் வாயிலிருந்து அது வந்துவிட்டது.

ஐரோப்பியக் கால்பந்துக் கோப்பையின் முதல் ஆட்டம். பெரிய கோப்பை இல்லை, அதற்கு அடுத்தது, வியாழக்கிழமைகளில் ஆடுவது. நம் அணி பெரிய கோப்பைக்குத் தகுதி பெறாத வருஷங்களில், "இந்த சனியன் பிடிச்ச வியாழக்கிழமைக் கோப்பை யாருக்கு வேணும்?" என்று எல்லோரும் கோடை முழுக்கத் திட்டுவார்கள். முதல் விசில் ஊதியதும் அதற்காகவே உயிரை விடுவார்கள். அன்றைக்கு வந்திருந்தவர்கள் ஜெர்மானியர்கள்.

சந்திலேயே பெரிய டிவி அனியெல்லோ வீட்டில்தான் இருந்தது. அனியெல்லோ ஸ்கூட்டர் மெக்கானிக், நுன்சியாவின் புருஷன். பிள்ளை குட்டி இல்லாத வீடு, ஆட்டம் இருக்கிற நாளில் மட்டும் கல்யாண வீடு. கீழே முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் சவேரியோ ஜன்னலோர நாற்காலியில், மூன்றாம் மாடி ஃபிலோமேனா சோபாவின் கைப்பிடியில், மற்றவர்கள் தரையில், கட்டில் விளிம்பில், கதவு நிலையில். யார் எங்கே உட்காருவது என்பது போன வருஷம் ஜெயித்த ஆட்டங்களை வைத்து முடிவு செய்யப்பட்டது. அதில் மாற்றம் கிடையாது. சவேரியோதான் இந்த விஷயங்களில் சந்தின் சட்ட நிபுணர். மரியாதைக்கு 'தோன் சவேரியோ' என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தக் காலை முதலில் வைத்து வாசலைத் தாண்டினால் என்ன ஆகும் என்று அவரைக் கேட்டால் உதாரணத்தோடு சொல்வார்.

கோல் விழாமல் ஆட்டம் இழுத்துக்கொண்டே போனது. எல்லோருக்கும் மக்கரோனி அடை சுட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டு நுன்சியா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது நமக்குப் பெனால்டி கிடைத்தது. நம் ஆள் பந்தை வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தான். வீட்டில் மூச்சு விடும் சத்தம்கூட இல்லை.

"இது கோல்தான். நான் சொல்றேன் பாருங்க," என்றாள் நுன்சியா.

பாவம், சந்தோஷத்தில் சொன்னாள். சவேரியோ தோஷம் கழியச் சட்டைப் பையிலிருந்த இரும்புச் சாவியைப் பிடித்துக்கொண்டார். மற்ற ஆண்கள் அதற்காகவே சபையில் தொடக்கூடாத இடத்தைத் தொட்டுக்கொண்டார்கள். ஃபிலோமேனா கண்ணை மூடினாள். பந்து கம்பத்துக்கு மேலே பறந்து ரசிகர்களுக்கு நடுவில் போய் விழுந்தது.

அனியெல்லோ துள்ளி எழுந்தான். "வாய வெச்சுட்டியேடி! நீ வாயத் திறந்தாலே எதுவும் விளங்காதா? ராசி கெட்டவளே!"

புருஷன் பெண்டாட்டி தனியாக இருக்கும்போது இதை விட மோசமாகவும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் இது முழுச் சந்துக்கும் முன்னால் சொன்னது. அதிலும் 'ராசி கெட்டவள்' என்பது அந்த ஊரில் விளையாட்டு வார்த்தை இல்லை. அந்தப் பேர் ஒட்டிக்கொண்டால் கடைக்காரன் முதல் வியாபாரம் தரமாட்டான், மாசமாக இருக்கிறவள் எதிரே வந்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள். நுன்சியாவின் முகம் வெளுத்தது. மேஜை மேலிருந்த மக்கரோனி அடையைத் தட்டோடு எடுத்துக்கொண்டு வெளியே போனாள். சுவரில் இருந்த படம் ஆடுகிற மாதிரி கதவைச் சாத்தினாள்.

கதவு சாத்திய சத்தம் அடங்குவதற்குள் நம் அணி கோல் போட்டது.

அவள் படியிறங்கிச் சந்தைக் கடக்கும்போது இரண்டாவது. எதிர் வீட்டு இரண்டாம் மாடியில் இருக்கும் அவள் அம்மா அசுந்தா கதவைத் திறந்து, "என்னடி, தட்டும் கையுமா?" என்று கேட்டபோது மூன்றாவது. அனியெல்லோவின் வீட்டில் ஆளுக்கு ஆள் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். அனியெல்லோவும் குதித்தான். குதித்து முடித்த பிறகுதான், சாப்பிட ஒன்றும் இல்லை என்பது அவனுக்கு உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை அவன் போய்க் கூட்டிக்கொண்டு வந்தான். மன்னிப்பு என்று ஒன்றும் கேட்கவில்லை. "சரி சரி, வா, உங்கம்மா கைச் சமையல் உனக்கே ஒத்துக்காது," என்றான். அதுவே அவனைப் பொறுத்தவரை மன்னிப்புதான். அவளும் வந்தாள். விஷயம் அத்தோடு முடிந்திருக்கும், அக்டோபரில் நம் அணி பெல்ஜியத்துக்கு ஆடப் போகாமல் இருந்திருந்தால்.

பெல்ஜிய ஆட்டத்துக்கு நுன்சியா வாயே திறக்கவில்லை. பின்னால் ஒரு முக்காலியில், பாத்திரம் துடைக்கும் துணியை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நம் அணி உதை வாங்கியது. சும்மா இல்லை, வீட்டுக்கு வந்து சொல்ல முடியாத உதை. ஒவ்வொரு கோல் விழும்போதும் கூடத்தில் இருந்தவர்கள் டிவியைப் பார்க்கவில்லை. மெதுவாகத் தலையைத் திருப்பி முக்காலியைப் பார்த்தார்கள்.

மறுநாள் காலையில் சவேரியோவும் ஃபிலோமேனாவும் ஒரு தட்டு நிறைய சுடச்சுட, அடுக்கடுக்காக மடித்த இனிப்புப் பலகாரத்தோடு வந்தார்கள். சாவு வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி குரலைத் தாழ்த்திப் பேசினார்கள்.

"நுன்சியா, கண்ணு, உன் மேல யாருக்கும் கோவமில்ல," என்றாள் ஃபிலோமேனா.

"சத்தியமா இல்ல," என்றார் சவேரியோ. "உன்ன நாங்க ராசியில்லாதவன்னு சொல்லவே இல்ல. நீ இருக்கற இடத்துக்கும் ஐரோப்பாவுக்கும்தான் ஒத்து வரல. ஞாயித்துக்கிழமை லீக் ஆட்டத்துக்கு நீ தாராளமா இரு. வியாழக்கிழமை மட்டும்…"

"வியாழக்கிழமை மட்டும் எங்க போறதாம்?"

"அங்கதான் சிக்கல். நீ மொதல்ல போனது வியாழக்கிழமை. திரும்பி வந்தது ஞாயித்துக்கிழமை. திரும்பி வந்ததாலதான் பெல்ஜியம். அதனால மொத்தமாவே அம்மா வீட்டுல இருந்துடறது நல்லதுன்னு எனக்குப் படுது. சீசன் முடியற வரைக்கும்தான்."

நுன்சியா அனியெல்லோ பக்கம் திரும்பினாள். "இவங்க சொல்றது கெடக்கட்டும். இது உன் வீடு. நீ சொல்லு."

அடுப்பில் காபிக் குடுவை கொதித்துக்கொண்டிருந்தது. அனியெல்லோ அதை ரொம்பக் கவனமாகப் பார்த்தான். உலகத்தில் அவ்வளவு அக்கறையாக யாரும் காபி போட்டிருக்க மாட்டார்கள். "ஒரு ரெண்டு மூணு ஆட்டம் பார்ப்போமே நுன்சியா…" என்றான் குடுவையிடம்.

அவள் பெட்டியை எடுத்துக்கொண்டாள். போகும்போது பலகாரத் தட்டையும் எடுத்துக்கொண்டாள்.

அதன் பிறகு நம் அணி ஜெயிக்க ஆரம்பித்தது. நார்வேயில் பனியில் ஜெயித்தது. கிரேக்கர்களை அவர்கள் ஊரிலேயே ஜெயித்தது. சந்துக்குத் தலைகால் புரியவில்லை. அனியெல்லோ பெண்டாட்டியை நினைத்து ஏங்கிப் போய்க் கூட்டி வந்துவிடக் கூடாதே என்று எல்லோரும் அவனைத் தாங்கினார்கள். திங்கட்கிழமை ஃபிலோமேனா வீட்டிலிருந்து உருளைக்கிழங்கு பாஸ்தா வரும், அடுத்த நாள் வேறு யாராவது வீட்டிலிருந்து அவரைக்காய்க் குழம்பு வரும். சவேரியோ வாரம் தவறாமல் ஓசியில் சவரம் செய்துவிட்டார். சந்தில் அவனுக்கு இருந்த மரியாதை மேயருக்குக்கூட இல்லை. தொப்பை வைத்தது. ஸ்கூட்டருக்குக் கீழே படுத்தால் எழுந்திருக்க ஒரு ஆள் கை கொடுக்க வேண்டியிருந்தது.

ஆனால் வீட்டுக்குள் போனால் கடிகாரச் சத்தம்தான். காலையில் எழுந்ததும் பழக்கத்தில் இரண்டு கோப்பையில் காபி ஊற்றுவான், இரண்டையும் அவனே குடிப்பான். எதிர் வீட்டு மாடிக்கும் இவன் வீட்டு மாடிக்கும் நடுவில் இரண்டு வீட்டுக்கும் பொதுவான துணிக்கொடி ஒன்று கப்பியில் ஓடியது. அசுந்தா தன் துணிகளைக் காயப்போடும்போது அதில் நுன்சியாவின் மஞ்சள் கவுனும் இருக்கும். அது காய்கிற வரைக்கும் அவன் ஜன்னலை விட்டு நகரமாட்டான். ஒருநாள் சத்தமாகவே கேட்டான்.

"அத்தை, நுன்சியா எப்படி இருக்கா?"

"மூக்கும் முழியுமா இருக்கா. உனக்கெதுக்கு? ஆட்டம் எப்படி இருக்குன்னு கேளு."

கிறிஸ்துமஸ் வந்தது. அந்த நாட்களில் ஐரோப்பிய ஆட்டம் ஒன்றும் கிடையாது என்பதை அனியெல்லோ நன்றாக விசாரித்து வைத்துக்கொண்டான். தேன் உருண்டை ஒரு தட்டு வாங்கிக்கொண்டு எதிர் வீட்டுப் படியேறினான். நுன்சியாவே கதவைத் திறந்தாள். இளைத்திருந்தாள்.

"வீட்டுக்கு வா. பண்டிகைக்கு நீ இல்லாம நல்லா இல்ல," என்றான்.

அவள் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. அவன் அதைப் பார்த்தான். "பண்டிகைக்கு மட்டுமா? இல்ல, பிப்ரவரி ஆட்டத்துக்கு முன்னாடி திருப்பி அனுப்பிடுவியா?"

இதற்கு ஒரே ஒரு சரியான பதில்தான் உண்டு. அதைச் சொல்ல ஒரு நொடி போதும். அனியெல்லோ அந்த நொடியில் பிப்ரவரியில் வரப்போகும் டச்சுக்காரர்களை நினைத்தான். அவர்களுடைய இடது பக்க ஆட்டக்காரன் ரொம்ப வேகம். கதவு சாத்திக்கொண்டது. தேன் உருண்டைத் தட்டு இந்த முறை அவன் கையிலேயே இருந்தது.

அன்றிலிருந்து அவன் தனக்குத் தானே தவணை சொல்லிக்கொண்டான். டச்சுக்காரர்கள் போகட்டும், போய்க் கால்ல விழுந்துடறேன். டச்சுக்காரர்கள் போனார்கள். காலிறுதி முடியட்டும். அதுவும் முடிந்தது, ஸ்பெயின்காரர்கள் அழுதுகொண்டே விமானம் ஏறினார்கள். அரையிறுதி முடியட்டும். ஆட்ட நாட்களில் எதிர் வீட்டு ஜன்னலில் டிவி வெளிச்சம் நீலமாக அடிக்கும், அசுந்தா நடுவரைத் திட்டும் சத்தம் கேட்கும். அவள் அம்மாவோடு சேர்ந்து சந்தோஷமாகத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வான். சில சமயம் அவனுக்குக் கோபம்கூட வந்தது. நான் இல்லாமல் அவளுக்கு என்ன கொண்டாட்டம் வேண்டிக் கிடக்கிறது?

மே மாதம். இறுதி ஆட்டம் வியன்னாவில், ஆங்கிலேயர்களோடு. சந்து முழுக்க ஒரே அமைதி. கொடி இல்லை, தோரணம் இல்லை. முன்கூட்டிக் கொண்டாடினால் தோற்போம் என்பதால் எல்லோரும் இழவு வீட்டு முகத்தோடு நடமாடினார்கள். "இன்னிக்கு என்ன விசேஷம்?" என்று ஒரு வெளியூர்க்காரர் கேட்டதற்கு ரொட்டிக் கடைக்காரர், "ஒண்ணுமில்லையே, சும்மா வியாழக்கிழமை," என்றார்.

ஆட்டம் தொடங்கச் சற்று முன்பு எல்லோரும் அவரவர் இடத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். நுன்சியாவின் முக்காலியைச் சவேரியோ சுவர் பக்கம் திருப்பி வைத்திருந்தார், எச்சரிக்கைக்காக. ஃபிலோமேனா அனியெல்லோவின் தட்டில் பொரித்த கத்தரிக்காயை அடுக்கிக்கொண்டே, "இன்னிக்கு ஒரு நாள்தான் தம்பி, அப்பறம் உன் பொண்டாட்டி உனக்கு," என்றாள்.

"அதெப்படி?" என்றார் சவேரியோ. "இதுல ஜெயிச்சவங்க அடுத்த வருஷம் பெரிய கோப்பையில ஆடணும். அது செவ்வாய், புதன். ராசிய நடுவுல மாத்த முடியுமா? நுன்சியா அங்கயே இருக்கட்டும். அடுத்த மே மாசம் பார்த்துக்கலாம்."

எல்லோரும் யோசித்துத் தலையாட்டினார்கள். நியாயமாகத்தான் பட்டது அவர்களுக்கு. அனியெல்லோ கத்தரிக்காயை வாயில் வைத்தான், மென்றான், விழுங்க முடியவில்லை. அடுத்த மே. அதற்கடுத்த மே. கிழவனாகி, ஊர்ச் சோற்றைத் தின்று, குடம் மாதிரி வயிற்றோடு, அந்த மஞ்சள் கவுன் கொடியில் காய்வதைப் பார்த்துக்கொண்டே செத்துப்போவோம் என்று தோன்றியது. தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான்.

"எங்க போற? உக்காரு, உன் நாற்காலி!" என்று ஃபிலோமேனா அலறினாள்.

"நுன்சியா இங்க வரக்கூடாதுன்னுதானே சொன்னீங்க, தோன் சவேரியோ? நான் அங்க போகக்கூடாதுன்னு யாரும் சொல்லலையே."

சட்டத்தில் இப்படி ஒரு ஓட்டை இருப்பது சவேரியோவுக்கே தெரியாது. அவர் மேலே பார்த்து யோசித்துக்கொண்டிருக்கும்போதே அனியெல்லோ படியிறங்கிவிட்டான்.

அசுந்தா கதவைத் திறந்து அவனை மேலும் கீழும் பார்த்தாள். "என்ன, வீடு தீப்பிடிச்சுக்கிச்சா?"

"நுன்சியா எங்க அத்தை?"

"பாத்ரூம்ல. உள்ள வரதுன்னா வா, இல்லாட்டி போ. ஆட்டம் ஆரம்பிச்சாச்சு, நின்னுக்கிட்டு டிவிய மறைக்காத."

சின்ன சோபாவின் ஓரத்தில் அனியெல்லோ உட்கார்ந்தான். பாத்ரூமிலிருந்து தலை உலர்த்தும் மெஷினின் இரைச்சல் வந்துகொண்டே இருந்தது. ஆட்டம் போய்க்கொண்டிருந்தது, இரைச்சல் நிற்கவில்லை. ஒரு ஆட்டு மந்தையையே காயவைத்திருக்கலாம், அவ்வளவு நேரம். அப்போது நம் அணி கோல் போட்டது. அனியெல்லோ கத்தினான். எதிர் வீட்டில் கூரை பிய்த்துக்கொள்ளும் சத்தம். அசுந்தா நிதானமாக எழுந்து போய்ப் பாத்ரூம் கதவைத் தட்டி, "ஒண்ணு!" என்றாள்.

இரைச்சல் நின்றது. உள்ளேயிருந்து ஒரு சின்னச் சந்தோஷக் கூவல். மறுபடியும் மெஷின் ஓட ஆரம்பித்தது.

அனியெல்லோவுக்கு ஒன்றும் புரியவில்லை. "அவ வந்து பார்க்கலையா?"

"எப்பப் பார்த்தா? அக்டோபர்லேர்ந்து இதான் கூத்து. நான் பார்த்தா தோத்துடும், சத்தம் காதுல விழுந்தாலும் தோத்துடும்னு மெஷினப் போட்டுக்கிட்டு உக்காந்துக்கறா. கோல் போட்டா நான் தட்டிச் சொல்லணும். அவங்க போட்டா சொல்லக்கூடாது. ஏற்கெனவே ஒரு மெஷினு புகைஞ்சு போச்சு."

அவன் அப்படியே உட்கார்ந்திருந்தான். டிவியில் என்ன ஓடுகிறது என்று தெரியவில்லை. நார்வே ஆட்டத்தன்று தான் மேஜை மேல் ஏறி ஆடியது நினைவுக்கு வந்தது. ஸ்பெயின்காரர்களைத் தோற்கடித்த அன்று பால்கனியில் நின்று பாட்டுப் பாடியது நினைவுக்கு வந்தது. அப்போதெல்லாம் இவள் இந்தக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். ஊர் சொன்னதை அவளும் நம்பிவிட்டாள். அவன் சொன்னதால் நம்பினாள். அவனுக்கு வெட்கமாக இருந்தது. வாழ்க்கையில் இவ்வளவு வெட்கம் அவனுக்கு எப்போதும் வந்ததில்லை.

எழுந்து போய்க் கதவைத் தட்டினான்.

"ரெண்டா?" என்றாள் நுன்சியா உள்ளேயிருந்து.

"நான்தான். வெளிய வா."

மெஷின் நின்றது. "நீ ஏன் இங்க வந்த? உன் நாற்காலியில யாரு? போ, போ, போய் உக்காரு!"

"நுன்சியா, வெளிய வந்து ஆட்டத்தப் பாரு."

"வேணாம்பா. பெல்ஜியத்தப் பார்த்தேன்ல, என்ன ஆச்சு?"

"பெல்ஜியத்துல நம்மாளுங்க ஆட்டம் மட்டம். செப்டம்பர்ல பெனால்டி அடிச்சவனுக்குக் கால் வழுக்கிச்சு. உன் வாய்க்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. நான் சொன்னது தப்பு. ஊருக்கு முன்னாடி சொன்னது அதை விடத் தப்பு."

கதவு திறந்தது. மெஷினின் சூட்டில் அவள் முகம் சிவந்திருந்தது. தலைமுடி நான்கு பக்கமும் விறைத்துக்கொண்டு நின்றது.

"இத செப்டம்பர்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கணும்."

"கிறிஸ்துமஸுக்காவது?"

"சொல்லியிருக்கணும். நான் ஒரு கழுதை."

"அதுல சந்தேகமே இல்ல," என்றாள் அசுந்தா சோபாவிலிருந்து, திரும்பிப் பார்க்காமல். "சேர்ந்து நிக்கறதுன்னா ஓரமா நில்லுங்க, கார்னர் வருது."

"தோத்துட்டா?" என்றாள் நுன்சியா மெதுவாக.

"தோக்கட்டும்."

நேப்பிள்ஸ்காரன் ஒருவன் இறுதி ஆட்டத்தன்று மனதாரச் சொல்கிற வார்த்தை இல்லை அது. ஆனால் அனியெல்லோ மனதாரத்தான் சொன்னான்.

மூன்று பேரும் சின்ன சோபாவில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள், மாமியார் நடுவில். நுன்சியா முதலில் விரலிடுக்கில் பார்த்தாள், பிறகு கையை எடுத்துவிட்டுப் பார்த்தாள், பிறகு அம்மாவோடு சேர்ந்து நடுவரைத் திட்டினாள். இரண்டாம் பாதியில் ஆங்கிலேயர்கள் சமன் செய்தார்கள். அவள் விருட்டென்று எழுந்து பாத்ரூம் பக்கம் ஓடப் பார்த்தாள். அனியெல்லோ மாமியாருக்குக் குறுக்கே கையை நீட்டி அவள் கையைப் பிடித்து இழுத்தான். "உக்காரு."

"அடேய், என் மூக்கு!" என்றாள் அசுந்தா.

ஆட்டம் முடியும் நேரத்தில் ஒரு நெட்டை ஆங்கிலேயன் எல்லோருக்கும் மேலே எழும்பித் தலையால் முட்டினான். பந்து உள்ளே போய்விட்டது. அவ்வளவுதான். விசில் ஊதினார்கள்.

சந்தில் ஒரு சத்தமும் இல்லை. நாய்கூடக் குரைக்கவில்லை. நுன்சியாவின் உதடு வெள்ளையாகிவிட்டது. "சொன்னேன்ல. சொன்னேன்ல அனியெல்லோ," என்றாள்.

எதிர் பால்கனியில் சவேரியோவின் குரல் கேட்டது. அழுத குரல். "அசுந்தா! அங்க யாரு ஆட்டம் பார்த்தது?"

அனியெல்லோ சோபாவைத் தாண்டிக் குதித்துப் பால்கனிக்கு ஓடினான். சந்தின் எல்லா ஜன்னலிலும் தலைகள். "நான் பார்த்தேன்! நாற்காலிய விட்டுட்டு வந்தது நான்தானே? ராசிய மாத்துனது நான்தானே? என்னாலதான் தோத்துச்சு! திட்டறவங்க என்னத் திட்டுங்க!"

பின்னாலேயே நுன்சியா வந்தாள். விறைத்த முடியோடு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "பொய் சொல்றான். நானும் பார்த்தேன். கண்ணு இமைக்காம பார்த்தேன்."

"நீ சும்மா இரு. தோத்தது என்னால."

"உன்னாலயா? நீ என்ன அவ்வளவு பெரிய ஆளா? வியன்னாவுல பதினோரு பேரு ஓடுறான், நீ எங்கம்மா சோபாவுல உக்காந்து அவங்களத் தோக்கடிச்சியாக்கும்? ஸ்கூட்டருக்கு அடியிலேர்ந்து எழுந்திருக்கவே ஒரு ஆள் வேணும் உனக்கு!"

"அப்ப உன்னால மட்டும் தோத்துச்சா? நீ மட்டும் பெரிய ஆளா?"

நுன்சியா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். திறந்த வாய் திறந்தபடியே நின்றது. தான் கேட்ட கேள்வி தனக்கும் பொருந்தும் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

இந்த இடத்தில் மூன்றாம் மாடியிலிருந்து ஒரு விசும்பல் கேட்டது. ஃபிலோமேனா எப்போது தன் வீட்டுக்கு ஏறினாள் என்று யாருக்கும் தெரியாது. "நீங்க ரெண்டு பேரும் இல்ல. நான்தான். நார்வேக்குப் போட்ட செருப்பு பிஞ்சு போச்சு. இன்னிக்குப் புதுசு போட்டுக்கிட்டு வந்து உக்காந்தேன். யாருகிட்டயும் சொல்லல."

"செருப்பாவது மண்ணாங்கட்டியாவது!" ரொட்டிக் கடைக்காரர் கீழேயிருந்து கத்தினார். "ரெண்டாவது கோலப்ப நான் ஒண்ணுக்குப் போயிருந்தேன்! சீசன் முழுக்க அடக்கிக்கிட்டு இருந்தவன்யா நான்!"

"நான் அரையிறுதிக்கு மெழுகுவத்தி ஏத்தினேன், இன்னிக்கு மறந்துட்டேன்!"

"நான் காலையில தாடி எடுத்தேன்!"

ஜன்னலுக்கு ஜன்னல் ஆளாளுக்குத் தன் பாவத்தை எடுத்துவிட்டார்கள். என்னால்தான் தோற்றது, இல்லை என்னால்தான் என்று பெரிய சண்டையாகிவிட்டது. யாரும் விட்டுக்கொடுக்கத் தயாரில்லை. அப்போதுதான் தாடி எடுத்தவன் கேட்டான், "எனக்குத் தாடி எடுத்தது சவேரியோ. அவரு கடைக்குள்ள மேஜைக்கு அடியில நீலமா என்னமோ சுருட்டி வெச்சிருந்தாரு. என்ன அது?"

எல்லோரும் சவேரியோவைப் பார்த்தார்கள். அவர் உள்ளே நழுவப் பார்த்தார், முடியவில்லை. "அது வந்து… சும்மா ஒரு துணி… கோப்பையோட படம் வரைஞ்ச கொடி. திங்கட்கிழமையே எழுதச் சொல்லியிருந்தேன். அச்சுக்காரன் லீவு போயிடுவான்னு…"

ஆட்டத்துக்கு முன்னாலேயே வெற்றிக்கொடி! சந்து மொத்தமும் ஒரே குரலில் அலறியது. தக்காளி ஒன்று பறந்தது. ஒரு வருஷமாகச் சட்டம் சொன்ன மனுஷன் பால்கனிக் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "ஓரத்துலதான்யா கோப்பை போட்டிருக்கு, சின்னதா!" என்று கெஞ்சினார்.

நுன்சியா சிரிக்க ஆரம்பித்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். கோப்பையைப் பறிகொடுத்த ஊரில் அன்றைக்குச் சிரித்த ஒரே ஆள் அவளாகத்தான் இருக்கும். அனியெல்லோ அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். சிரிப்பு அடங்கியதும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நம்ம வீட்டுல இப்ப எத்தனை பேரு இருக்காங்க?"

"ஃபிலோமேனா தவிர எல்லாரும் அங்கதான் இருக்காங்க."

அவள் அவன் பக்கம் திரும்பினாள். அக்டோபரில் காபிக் குடுவைக்கு முன்னால் நின்று பார்த்த மாதிரியே அவனைப் பார்த்தாள்.

அனியெல்லோ பால்கனிக் கம்பியில் இரண்டு கையையும் ஊன்றி, மூச்சை இழுத்து, சந்து முழுக்கக் கேட்கும்படி கத்தினான். "எல்லாரும் என் வீட்ட விட்டு எழுந்து போங்க! தோன் சவேரியோ, நீங்களும்தான்! ஜெயிச்சாலும் தோத்தாலும் என் பொண்டாட்டி இனிமே அங்கதான் உக்காந்து பார்ப்பா. அவளுக்கு எங்க இஷ்டமோ அங்க உக்காருவா. ஒத்து வராதவங்க வேற டிவி தேடிக்கோங்க!"

சண்டை நின்றது. ஜன்னல்களில் இருந்த தலைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. எதிர் வீட்டுக்குள் நாற்காலிகள் நகரும் சத்தமும், படியில் ஆட்கள் இறங்கும் சத்தமும் கேட்டன.

"பெட்டியத் தூக்கு," என்றாள் நுன்சியா. "கனமா இருக்கும். ரெண்டு மெஷினும் அதுலதான் வருது."